வேத்தியலும் பொதுவியலும்: பல்கலைக் கழக அரங்கில் ஈழத்துக் கூத்து

முத்தமிழ் என்னும் சொல் நம் நாவில் எளிதாகப் புரளுகின்றது. ஆயின், அம்மூன்றனுள் இயல் ஒன்றே ஏட்டில் முழுமையாகத் தங்குவது. இசை மிடற்றிலும் நரம்பிலும் தங்கும். நாடகம் காலிலும் கையிலும் கண்ணிலும் தங்கும். ஏடு கற்பித்தலையே பெருந்தொழிலாகக் கொண்ட ஒரு கழகம், ஏட்டில் அடங்காத ஏனை இரண்டையும் கற்பிக்கப் புகுங்கால் யாது நிகழும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும். இதனைப் பொதுப்பட நின்று பேசுதலாற் பயன் சிறிது. ஆதலின், 1962 முதல் 1968 வரை இலங்கையிற் பேராதனைப் பல்கலைக் கழகத்தே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணாக்கரைக் கொண்டு அரங்கேற்றிய நான்கு கூத்துக்களை எடுத்துக்கொண்டு, சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையும் அதற்கு அடியார்க்குநல்லார் கண்ட உரையும் ஆகிய உரைகல்லில் அவற்றை உரைத்துப் பார்ப்பாம்.

இவ்வுரைகல் பொருந்துமோ எனின், பொருந்தும். என்னை? அரங்கேற்றுகாதை மாதவியின் ஆடலைக் கூற எழுந்ததாயினும், அதனுட் பெரும்பகுதி ஆசிரியர் இலக்கணமே. ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என அறுவரையும் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி, இன்னார் இன்னின்ன அறிந்திருத்தல் வேண்டும் என இளங்கோவடிகள் வரையறுக்கின்றார். மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள். அவ்வறுவரும் தத்தம் இல்லிலிருந்து தனித்தனியே கற்பித்துச் சான்றுத்தாள் எழுதிக் கொடுத்தாரல்லர். ஓரரங்கில், ஒருபொழுதில், ஒருவர் குறையை மற்றவர் நிரப்பி உடன் நின்றனர். தண்ணுமையாசானுக்கு இது கடமையாகவே விதிக்கப்பட்டுள்ளது. ஏனைக் கருவிகளின் குறைவை நிரப்பவும் மிகுதியை அடக்கவும் வல்லனாதல் அவன் இலக்கணம். தேர்வு நிகழ்ந்த இடம் அவ்வரங்கமே. தேர்ந்தவர் அரசனும் அவையும். மாதவி பெற்ற பட்டம் தலைக்கோல். பரிசில் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு. கற்பித்தலும், ஆடிக் காட்டலும், தேர்வும், பட்டமும் ஒன்றையொன்று விட்டு நீங்காத ஒரு கல்வி முறை இஃதென்பது தெளிவு.

இவ்வறுவருட் புலவனுக்குக் கூறிய இலக்கணத்தைச் சிறிது உற்றுநோக்குதல் வேண்டும். அவன் தமிழ் முழுதும் அறிந்தவன் என்றதனோடு ஆசிரியர் அமைந்தாரல்லர். வேத்தியல், பொதுவியல் என்னும் இருதிறத்து நாட்டிய நூலையும் அவன் நன்கு கடைப்பிடித்தவனாதல் வேண்டும் என்றார். வேத்தியலாவது அரசரவைக்கு ஆடுவது; பொதுவியலாவது ஏனையோர்க்கெல்லாம் பொதுவாக ஆடுவது. இவ்விரண்டும் அறிய வேண்டுவது ஆடுவோனே என நாம் கருதுவோம். அடிகளோ பாட்டெழுதும் புலவனிடத்தே அதனை வற்புறுத்துகின்றார். இயல் வல்லான் ஒருவன் கூத்தினிடத்துக் கைவைக்குங்கால், யாருக்காக, எவ்விடத்து ஆடப்படுவது இது என்னும் வேறுபாட்டை அவனே முதற்கண் உணர்தல் வேண்டும் என்பது கருத்துப் போலும். பண்டிதர் பலர் இக்காதையை ஆண்டுதோறும் பதவுரை கூறிக் கற்பிக்கின்றோம். மத்தளத்தின் வலந்தரை இடந்தரை வேறுபாட்டைக் காதாற் கேட்டறிந்தார் நம்முட் சிலரே!

நிற்க. பேராதனைக் கூத்துக்களின் வேர் 1962 இல் உள்ளதன்று. அதனை நாடிச் செல்வார் விபுலாநந்த அடிகளிடத்துச் சென்று சேர்வர். 1892 இல் மட்டக்களப்புப் பகுதியிற் காரைதீவிற் பிறந்து, மேனாட்டு அறிவியலிற் பட்டம் பெற்று, இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகிய அப்பெரியார், சேக்சுபியர் நாடகங்கள் பன்னிரண்டனை எடுத்துக்காட்டாக வைத்து நாடக இலக்கணம் கூறும் மதங்க சூளாமணியை 1926 இல் வெளியிட்டார். பின்னர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயினார். 1943 முதல் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் அப்பதவியை வகித்தார். 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூலை அரங்கேற்றி, மறு திங்களிற் சிவபதம் எய்தினார். யாழுறுப்பியல் தொடங்கித் தேவாரவியல் ஈறாக அந்நூலிற் செல்லும் கணக்குகள் எத்துணை நுண்ணியவெனினும், அடிகள் கணக்கோடு நில்லாது யாழ்களைச் செய்வித்து இசைத்துக் காட்டுதலையும் மேற்கொண்டமையே ஈண்டு நாம் கருதத்தக்கது. நரம்பின் அளவை எழுதினவர் அந்நரம்பை ஒலிக்கச் செய்தாலன்றித் தம் நூல் முற்றுப்பெறாதெனக் கொண்டனர். நூலுக்கு அரங்கேற்றம் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் உபசார வழக்காகவே ஆளுகின்றோம். அடிகள் நூலுக்கு அச்சொல் இயற்பொருளிலேயே பொருந்தியது.

அவர் முன்னர்ப் பணிபுரிந்த அண்ணாமலை நகரில் இசைக் கல்வி நிகழ்ந்தவாறும் ஒருசிறிது காட்டத்தக்கது. 1929 இல் தோன்றிய அப்பல்கலைக் கழகத்தின் இசைக் கல்லூரியிற் கற்பித்தோர் பட்டத்தாள் ஏந்தி வந்தாரல்லர். தஞ்சை நால்வர் வழித்தோன்றலாகிய பொன்னையா பிள்ளையும், பின்னாளில் தேவார இசையால் நாடறிந்த எம். எம். தண்டபாணி தேசிகரும் தத்தம் மிடற்றையே சான்றாகக் கொண்டு ஆண்டு இருந்தனர். 1941 இல் அந்நகரிற் கூடிய தமிழிசை மாநாடும், 1943 இற் சென்னையில் எழுந்த தமிழிசைச் சங்கமும், 1949 முதல் அச்சங்கம் நடத்திவரும் பண்ணாராய்ச்சியும் இங்ஙனம் ஆசானையும் ஏட்டையும் ஓரிடத்து இருத்திய முயற்சியின் பயன்களேயாம். பண்ணாராய்ச்சியில் ஏடு ஒன்று கூற, ஓதுவார் மிடறு மற்றொன்று கூறிய இடங்களும் உண்டு. அவ்விடத்து அவையோர் ஓதுவாரைப் பாடச் செய்து கேட்டனர் என்பதே அவ்வாராய்ச்சியின் சிறப்பு. மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி என்றும், காந்தாரபஞ்சமம் கேதாரகௌளை என்றும், கௌசிகம் பைரவி என்றும் இன்று பள்ளிச் சிறுவரும் ஒப்புவிக்கின்றனர். இவ்விணைப்புப் பட்டியல் பிறந்தது ஓதுவார் பாடக் கேட்டமையாலேயே ஆகும். பட்டியலைக் கற்றார்க்குப் பாட்டு வந்துவிடாது. இசைத் தேர்வு ஒன்றிற்கு ஒருகால் யான் உடனிருக்க நேர்ந்தபோது, பண் இருபத்து மூன்றையும் அவற்றிற்குரிய இராகங்களையும் பிழையின்றி எழுதிய மாணவர் ஒருவர், கொல்லிப் பண்ணில் ஒரு பதிகத்தின் முதலடியைப் பாடுக என்றதும் வாளாவிருந்தார். எழுத்துத் தேர்வில் அவரே முதல்வராயினார். பட்டியல் மதிப்பெண் பெற்றது. பண் வெளியே நின்றது.

இனிப் பேராதனைக்கு வருவாம். வித்தியானந்தனார் விபுலாநந்த அடிகளிடத்தும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையிடத்தும் பயின்றவர். கணபதிப்பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலேயே நாடகம் எழுதிப் பல்கலைக் கழக மாணாக்கரை நடிப்பித்தவர். செந்தமிழ்க் காவலர் சிலர்க்கு அஃது உவப்பாயிராது. ஆயினும், வீட்டுத் திண்ணையிற் கேட்கும் மொழியை அறிஞர் அவையிற் கேட்கச் செய்த துணிவு அவருடையது. மற்றொரு தூண்டுதலும் அப்பல்கலைக் கழகத்துள்ளேயே நிகழ்ந்தது. சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் தம் நாட்டுப்புற நாடகங்களை ஆராய்ந்து, நாடகம என்னும் வடிவினின்றும் 1956 இல் மனமே என்னும் நாடகத்தை ஆக்கினார். அந்நாடகம வடிவமோ தமிழ்க் கூத்தினின்று சென்றதென்பதை அவ்வறிஞரே ஆராய்ந்து எழுதியுள்ளார். கடன் வாங்கினவர் வீட்டில் விளக்கு எரிய, கடன் கொடுத்தவர் வீடு இருண்டு கிடத்தலோ என்னும் எண்ணம் தமிழ்த் துறையினர்க்கு எழுந்தமை இயல்பே.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவிற்குத் தலைமை பூண்ட வித்தியானந்தனார் ஊர்தோறும் சென்று கூத்துக் கண்டார். அண்ணாவிமாரை ஒருங்கு கூட்டினார். மட்டக்களப்பு அலங்கார ரூபன் நாடகம், மன்னாரின் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் முதலாய ஏடுகளை அச்சிட்டார். 1962 இற் கர்ணன் போர் பல்கலைக் கழக மேடை ஏறிற்று. அடுத்து நொண்டி நாடகமும், இராவணேசனும், 1968 இல் வாலி வதையும் வந்தன. இந்நான்கனுள் முதற்கண் எம் கருத்தைக் கவர்வது, கர்ணன் போருக்கு மாணாக்கரைப் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் என்பதேயாம். பேராசிரியர் ஆசானை ஊரிலிருந்து வருவித்தார். தாம் ஏடு நோக்கும் புலவராக ஒருபுறம் அமைந்தார். அரங்கேற்றுகாதை கூறும் புலவனுக்கு உரிய இடம் இதுவே. இவ்வொன்றிற்காகவே அவரை நாம் பாராட்டுதல் வேண்டும்.

ஊரில் அண்ணாவியார் கற்பிக்கும் முறை யாதெனின், கூறுதும். முதலிற் சட்டங்கொடுத்தல், அஃதாவது, கூத்தில் இன்னார்க்கு இன்ன வேடம் என வகுத்து அவரவர்க்குரிய பாட்டை எழுதிக் கொடுத்தல். பின்னர் மாதக்கணக்கில் இரவுதோறும் ஆட்டமும் பாட்டும் பழகுவர். ஆட்டம் காலுக்கு வந்தபின் சதங்கை அணிதல் என்னும் சடங்கு நிகழும். அதன்மேல் அடுக்குப் பார்த்தல் என முழுக் கூத்தையும் தொடர்ந்து ஆடிப் பார்த்து, இறுதியாக அரங்கேற்றுவர். அரங்கேற்றம் என்னும் அச்சொல்லே ஆண்டும் வழங்குதல் காண்க. சிலம்பின் அறுவர் ஆசிரியருள் ஆடல், இசை, தண்ணுமை என்னும் மூவர் தொழிலும் அண்ணாவியார் ஒருவரிடத்தே பொருந்தியுள்ளன. பாட்டுக் கட்டவும் வல்லாராயின் நால்வர் ஆவர். மத்தளத்தைத் தாமே முழக்கிப் பாட்டையும் தாமே எடுத்துக் கொடுத்தலின், ஆடுவோன் காலில் தளர்ச்சி கண்டவிடத்து முழக்கை ஏற்றியும், மிடறு தளர்ந்தவிடத்துப் பிற்பாட்டுக்காரரைக் கண்ணாற் காட்டியும் குறை நிரப்புகின்றார். தண்ணுமையாசான் கடமையாக நூல் விதித்ததை நூல் காணாத ஒருவர் நள்ளிரவில் நிறைவேற்றுதலை மட்டக்களப்புச் சிற்றூர்க் களரியொன்றில் யான் கண்டிருக்கின்றேன். அங்கே என்னருகிலிருந்த முதியவர் ஒருவர், ஆடுவோன் தாளம் தப்பும் முன்னரே தப்பப் போகின்றான் என்று கூறினார், கூறியவாறே தப்பினான். அவையோரும் தேர்வராதல் எங்ஙனம் என்பது அன்று விளங்கிற்று.

அத்தகைய கூத்து, பொழுது சாய்ந்தபின் தொடங்கி விடியும்வரை நிகழ்வது. வட்டக்களரியைச் சூழ நான்கு திசையினும் அவையோர் இருப்பர். பேராதனையில் அஃது ஏறத்தாழ ஒன்றரை மணி அளவிற்குச் சுருங்கியது. ஒருபுறமே நோக்கும் மேடையில் ஏறிற்று. மடக்கி மடக்கிப் பாடும் தருக்களும் நெடிய வரவாட்டங்களும் குறைக்கப்பட்டன. இதுபற்றி அன்று தொட்டு இன்றுகாறும் வழங்கும் குறைகூற்று ஒன்றுண்டு. இது மேனாட்டு மேடைக்கு நம் கூத்தை அடிமையாக்கியது. பழமையைச் சிதைத்தது என்பர்.

அற்றன்று. ஒருமுகம் நோக்கிய மேடையும் திரையும் மேனாட்டார் தந்தனவென்பார் அரங்கேற்றுகாதையை மறந்தாராவர். அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்த அரங்கும், அதன்மேல் நாற்கோல் உயரத்து உத்தரப் பலகையும், புகுதற்கும் போதற்குமாக இருவாயிலும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரையும் ஆண்டுக் கூறப்பட்டுள்ளன. கோலாவது பெருவிரல் இருபத்து நான்கு கொண்டது. விரலை ஓரங்குலமாகக் கொள்ளின், அரங்கு அகலம் 14 அடியும் நீளம் 16 அடியும் உடையதாகின்றது. வட்டக்களரியே தமிழரங்கு, ஏனைய அயலரங்கு என்னும் கூற்று இவ்வளவையின் முன்னர் நில்லாது. பேராதனையில் நிகழ்ந்தது பொதுவியலில் வளர்ந்த கூத்தொன்று வேத்தியல் அரங்கினுட் புகுந்தமையே. முடியுடை வேந்தர் இலராகிய இக்காலத்து வேந்தவையின் இடத்தில் நிற்பது பல்கலைக் கழகமேயன்றோ! நிலமும் பொருளும் ஈந்து, தகுதி நோக்கிப் பட்டம் அளித்து, உயர்வு தாழ்வு கூறும் தொழில் இன்று அதனிடத்தே உள்ளது.

அங்ஙனமாயின் குறையே இன்றோ எனின், உண்டு. குறை கூறுவோர் காட்டும் இடத்தில் அஃதில்லை. மேற்கூறிய அளவுடைய அரங்கு மாதவி ஒருத்தி ஆடற்கு அமைந்தது. வடமோடிக் கூத்திலோ கரப்புடை அணிந்த வீரர் பலர் ஒருங்கு சுழன்று ஆடுவர். வட்டமாகச் சுழலும் ஆட்டத்தின் பொருள் நாற்புறத்தும் இருப்போர்க்கு முகங்காட்டல். ஒருபுறமே அவையிருக்குங்கால் அச்சுழற்சியிற் பாதி வெற்றுச் சுவருக்கு ஆடப்படும். ஆகவே மேடைக் கூத்தை அமைப்போர் ஆட்டத்தை நேர்கோட்டிற்கும் பிறைவட்டத்திற்கும் மாற்ற நேர்ந்தது. இஃது அரிய வேலை; நன்கு செய்யவும்பட்டது. ஆயினும், மாற்றியது யாது, ஏன் மாற்றினோம் என்பதை உடன் எழுதிவைத்தாலன்றிப் பின்வருவோர் மாற்றிய வடிவையே மூலமெனக் கொள்வர். பின்னாளிற் பள்ளிகளும் கல்லூரிகளும் கூத்துப் போட்டிகளுக்கு எடுத்துக்கொண்ட வடிவம் பெரும்பான்மையும் அச்சுருங்கிய வடிவமே. போட்டி மேடையில் மணிமுள்ளே அண்ணாவியாராயிற்று. வேத்தியல் தன்னை வேத்தியல் என அறிந்து நிற்கும்வரை கேடில்லை; பொதுவியலும் தானே என எண்ணத் தொடங்குமிடத்தே கேடு பிறக்கின்றது. புலவன் இரண்டும் கடைப்பிடித்தல் வேண்டும் என்று அடிகள் விதித்தமையின் நுட்பம் இதுவே என்பது எம் துணிபு.

நான்கு கூத்துக்களுள் ஆராய்ச்சிக்குப் பெரிதும் இடந்தருவது இராவணேசன். முன்னைய கூத்தேடு ஒன்றைச் சுருக்கியதாகாது, மாணாக்கராயிருந்த சி. மௌனகுரு அவர்களால் வடமோடி முறையிற் புதிதாக எழுதப்பெற்றது அது. இராவணனைக் கொடியோனாகக் காட்டாது, தம்பியும் மக்களும் மடியத் தான் தனித்து நின்று வீழும் அவலத் தலைவனாகக் காட்டுவது. பழைய கூத்தில் அரசன் ஆடும் ஆட்டம் அவன் அரசன் என்பதற்காக ஆடப்படும். களிப்பினும் துயரினும் காற்கதி பெரிதும் வேறுபடாது. இராவணேசனிலோ ஆட்டம் அவனது உள்ளநிலைக்கேற்ப வேறுபடுமாறு அமைக்கப்பட்டது. மெய்ப்பாடு என நம் நூல்கள் கூறுவது தாளக்கட்டினுள் புகுந்தது. பல்கலைக் கழகத்து நாடகக் கல்வி கூத்திற்குச் செய்த உதவி இதுவெனத் தயங்காது கூறலாம். மேனாட்டு அவலநாடகக் கொள்கையைக் கற்ற மாணாக்கரும், ஆட்டத்தின் உட்கூறு அறிந்த அண்ணாவியும் ஓரிடத்து இருந்தாலன்றி இது நிகழ்ந்திராது.

சைவ நன்மக்கட்கு ஈண்டு ஒரு தடை எழும். இராவணன் என்ற அளவில் நமக்கு நினைவு வருவது ஆளுடைய பிள்ளையார் தம் பதிகங்களின் எட்டாந் திருப்பாட்டு. கயிலையை எடுக்கப் புகுந்து, திருவிரலால் ஊன்றப்பட்டு நெரிந்து, தன் நரம்பையே யாழாக்கிச் சாமகீதம் பாடி, அருளும் வாளும் நாமமும் பெற்றவன் அவன். செருக்கின் முடிவு அருளாகின்ற இக்கதை இருக்க, செருக்கின் முடிவு சாவாகின்ற போர்க்கதையை நாடகமாக்கியது முறையோ என்பது அத்தடை. அதற்கு விடை: இரண்டும் ஒரு நாடகத்துள் அடங்கா. அருளிலே முடிந்த ஒருவன் மீளவும் பிழைத்து அழிந்தான் என்பதை ஓரிரவிற் காட்டின், முன்னையதன் வலியும் பின்னையதன் வலியும் ஒருங்கே கெடும். நாடக ஆசிரியர் யுத்தகாண்டத்து எல்லையுள் நின்றமை தக்கதே. அன்றியும், களரியைச் சூழ்ந்திருக்கும் சைவர் எட்டாந் திருப்பாட்டை நாடோறும் ஓதி வந்தவர். மேடையிற் கூறாததை அவர் நெஞ்சு தானே கொண்டுவந்து சேர்க்கும். இருபது தோளும் தளர்ந்து நிற்கும் ஒருவனைக் காணுங்கால், அத்தோள்கள் முன்னொருமுறை நெரிந்து அருள் பெற்றவை என்னும் நினைவு அவையிடத்து உண்டாகி இரக்கத்தை இருமடங்காக்கும். அறிஞர் அவைக்கு எழுதிய கூத்து, ஓதியறிந்த அவையிடத்தே முழுப்பயன் தரும் என்னும் இவ்விந்தை வேத்தியலும் பொதுவியலும் ஒன்றையொன்று வேண்டி நிற்றலைக் காட்டும். இராவணேசன் பின்னர்ப் பன்முறை மாற்றியமைத்து ஆடப்பட்டு வந்தமைக்கும் இது காரணமாதல் கூடும்.

இனிப் பாடவேறுபாடு நோக்கும் எம்மனோர் தொழிலுக்குரிய ஒன்று. கூத்தேடுகள் அச்சேறியமை பெருநன்மை. ஆயினும் அப்பதிப்புகள் எவ்வாறு அமைந்தன? விருத்தம், கொச்சகம், அகவல், தரு எனப் பாட்டின் வகை குறிக்கப்பட்டது, சொற்பிழை திருத்தப்பட்டது, முன்னுரை எழுதப்பட்டது. ஆட்டத்தரு ஒவ்வொன்றிற்கும் உரிய காற்கதி, மத்தளச் சொற்கட்டு, பிற்பாட்டு எவ்வடியை எத்தனை முறை மடக்குவது என்பன விரிவாகக் குறிக்கப்பட்டில. ஏட்டில் எழுதப்படாதனவே அவை. அண்ணாவியார் உடலே அவற்றிற்கு ஏடு. பதிப்பாசிரியர் ஓலையை மட்டும் பெயர்த்தெழுதி உடலேட்டை விட்டமையால், நூலகத்திற் கிடைப்பது கூத்தின் இயற்பகுதி மட்டுமே. பிழை திருத்தமும் ஓரிடத்துக் கேடு செய்யும். இலக்கணத்தாற் பிழையெனப்படும் நீட்டலும் விரித்தலும் தாளத்திற்கு வேண்டப்பட்டனவாதல் உண்டு. சொல்லைச் செப்பஞ் செய்தவுடன் கால் தடுக்கும். தேவாரப் பதிப்பிலும் இஃதொப்பதுண்டு. தாளத்தின் பொருட்டு நின்ற அசைநிலையைச் செய்யுட் பிழையென நீக்கின், ஓதுவார் அதனை மீளச் சேர்த்தே பாடுவர். அவர் சேர்த்ததே பழம்பாடம் எனக் காட்டும் ஏட்டுச் சான்று பின்னர்க் கிடைத்தல் வியப்பன்று.

அடியார்க்குநல்லார் இவ்வகையில் நமக்கு எச்சரிக்கையாக நிற்கின்றார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடகத் தமிழ் நூல்கள் தம் காலத்திற்கு முன்னரே இறந்தன என்று கூறி, எஞ்சிய ஐந்து நூல்களைக் கொண்டு உரையெழுதுகின்றார் அவர். அவ்வைந்தனுட் பஞ்சமரபு நம் காலத்தில், 1970 களில், அச்சேறிற்று. ஆயினும், அவர் எடுத்துரைக்கும் பதினோராடல்களுள் ஒன்றையேனும் அவர் உரைகொண்டு ஆடிக்காட்ட வல்லார் இலர். உரை உளது; ஆடல் இலது. அவர் குற்றமன்று அது. உரை எழுதும் நாளில் ஆடுவாரும் இருப்பர் என அவர் நம்பியிருத்தல் வேண்டும்.

இனித் தேர்வு முறை. கூத்தும் இசையும் இன்று இலங்கைப் பல்கலைக் கழகங்களிற் பட்டப் படிப்பாகியுள்ளன. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975 முதல் யாழ்ப்பாண வளாகத்தோடு சேர்ந்தது. மட்டக்களப்பிற் கல்லடியில் அடிகள் பெயரால் எழுந்த இசை நடனக் கல்லூரி கிழக்குப் பல்கலைக் கழகத்தோடு இணைக்கப்பெற்றது. நாடகமும் அரங்கியலும் என்னும் பாடம் பள்ளிகளினும் கற்பிக்கப்படுகின்றது. இவையெல்லாம் உவப்பானவையே. யாம் வினவுவது ஒன்று: கூத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட மாணவர் ஒருவர், சதங்கை அணிந்து ஓர் அண்ணாவியார் முழக்கிற்கு ஓரிரவு நின்று ஆடாமலே பட்டம் பெறுதல் இயலுமாயின், அப்பட்டம் எதற்குச் சான்று? அண்ணாவியார் பலர் ஆண்டிற்குச் சிலநாள் விருந்தினராக அழைக்கப்பட்டு, பொன்னாடை பெற்று மீளுகின்றனர். பொன்னாடை மரியாதையாகும்; ஆசிரியர் இருக்கையாகாது. பட்டமில்லாரை ஆசிரியராக்க விதியில்லை என்பர். அண்ணாமலை நகரில் முன்னோர் அவ்விதியை வளைத்தே பொன்னையா பிள்ளையை இருத்தினர். அதனாற் பல்கலைக் கழகம் தாழ்ந்ததாகக் கூறினார் எவருமிலர்.

கிழக்குப் பல்கலைக் கழகம் அமைந்திருக்கும் ஊர் வந்தாறுமூலை. 1962 இற் செல்லையா அண்ணாவியார் எந்த ஊரிலிருந்து மலைநாட்டிற்கு வருவிக்கப்பட்டாரோ, அவ்வூரிலேயே இன்று பல்கலைக் கழகம் நிற்கின்றது. ஆகவே தொலைவு என்னும் தடை இனியில்லை. செய்யத்தக்க முதல்வேலை பெரிதன்று. அச்சேறிய கூத்தேடு ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு, முதிய அண்ணாவியார் ஒருவரை அருகிருத்தி, தருதோறும் சொற்கட்டும், காற்கதியும், மடக்கும் குறித்து, ஓலைப்பாடம் வேறு களரிப்பாடம் வேறு எனப் பிரித்துக் காட்டி மறுபதிப்புச் செய்தல் வேண்டும். திருத்தாத பாடத்தை மேலும், திருத்தத்தைக் கீழும் அச்சிடுக. முதிய அண்ணாவிமார் மறைந்து வருதலின் இவ்வேலையைக் கர்ணன் போரிலிருந்து தொடங்குதல் நன்று. அதனைப் பேராதனையிற் பழகி ஆடினோருட் சிலரேனும் இன்னும் உளர்.